சுவரில் ஏறிய மண்கோடு

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பது பழமொழி. எமது இல்லத்திலோ நாம் சுவரெடுக்கக் கறையான் குடிபுகுந்தது.

2019ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். முதல் மழை பெய்த மறுநாட் காலை, நடு அறையின் மூலையில் ஈசற் சிறகுகள் உதிர்ந்து கிடந்தன. கூட்டித் தள்ளிவிட்டு மறந்தோம். சில வாரங்களின் பின், அவ்வறைச் சுவரின் அடியிலிருந்து பென்சிற் பருமனில் மண்கோடு ஒன்று மேலேறக் கண்டோம். ஈரத் துணியால் துடைத்தோம். சுவர் வெண்மையாயிற்று, மனமும் அமைதியுற்றது. அந்த அமைதியே எமக்கு வினையாயிற்று.

தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்க முனைந்தபோது, சுவரோடு சார்ந்திருந்த பழைய பெட்டகத்தை நகர்த்தினோம். அடிப்பலகை அப்பளம் போல் நொறுங்கிற்று. அதனுள்ளேதான் காணி உறுதியும், எம் தந்தையார் வெளியூரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் அன்னையாருக்கு எழுதிய கடிதங்களும் வைக்கப்பட்டிருந்தன. எஞ்சியவை சில ஓரங்களும் ஈரமண்ணுமே. உறுதிக்குக் காணிப் பதிவகத்திற் பிரதி பெற்றுக்கொண்டோம். கடிதங்களுக்குப் பிரதி எங்கே பெறுவது? “துடைத்த அன்றே பெட்டகத்தையும் இழுத்துப் பார்த்திருக்கலாமே, பிள்ளைகள்” என்ற ஒரு சொல்லோடு அன்னையார் நிறுத்திக்கொண்டார்.

அதன் பின்னரே இவ்வுயிரைப் பற்றிக் கற்கலானோம். வெள்ளெறும்பு என்று சிலர் அழைப்பினும் கறையான் எறும்பன்று, கரப்பானின் உறவு. சிறகுள்ள எறும்பின் இடை ஒடுங்கியது. உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்தது. முன்சிறகு பின்சிறகிலும் நீண்டது. ஈசலுக்கோ இடை ஒடுங்குவதில்லை. உணர்கொம்பு மணிகோத்தாற்போல் நேரானது. நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே அளவின. வீட்டினுள்ளே இச்சிறகுகள் குவிந்து கிடப்பின், கறையான் உள்ளேயே வாழ்கிறதோ என ஐயுறல் வேண்டும்.

மண்ணிலே கூடமைக்கும் கறையானுக்கு ஈரமே உயிர். வெயிலும் காற்றும் பட்டால் அதன் மெல்லிய உடல் உலர்ந்துவிடும். ஆதலால் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் அமைத்து, அதன் மறைவிலே இரைதேடிச் செல்லும். சுவரில் நாம் கண்ட கோடு அதன் பாதை மாத்திரமே. குடியோ நிலத்தின் கீழ் இருந்தது. பாதையைத் துடைத்தால் வேறொரு பாதை தோன்றும். குழாயைச் சிறிது உடைத்துச் சில நாள் கழித்துப் பார்த்தால், நடமாட்டம் இருப்பின் பெரும்பாலும் மீண்டும் அடைக்கப்பட்டிருக்கும். அடைக்கப்படாமையால் கறையான் அகன்றதென்று கொள்ளலாகாது. வேறு வழியும் இருக்கலாம்.

எனவே விறகு, பழம்பலகை, கடதாசிப் பெட்டி முதலியவற்றைச் சுவரோடு சார்த்தற்க. கூரை நீர் சுவரடியிலே தேங்க விடாதீர்கள். குழாய்க் கசிவை உடனே அடையுங்கள். நிலவெடிப்புகளைச் சீமெந்தினாற் பூசுங்கள். கதவு நிலைகளை இடையிடையே தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்பின் உள்ளே கோறையாகியிருக்கக் கூடும். வைரமேறிய பனைமரத்தைக் கறையான் எளிதில் அண்டாதெனினும் அதனையும் நம்பி இருந்துவிடலாகாது.

கழிவெண்ணெயையும் கண்ட நஞ்சையும் நிலத்தில் ஊற்றுவோர் உளர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றையும் சென்றடையும். முன்னர் கறையானுக்கு ஊற்றப்பட்ட அல்டிரின், குளோர்டேன் ஆகியவை, 2001இல் ஏற்கப்பட்ட ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின்படி ஒழிக்க வேண்டிய நஞ்சுகளாயின. மருந்திடுவது பயிற்சி பெற்றோர் தொழில். கிணறு இருக்கும் இடத்தை அவர்களுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். புதுவீடு கட்டுவோர் அத்திவாரம் இடும்போதே மண்ணுக்கு மருந்திடுவித்தல் நன்று.

தப்பிய கடிதத் துண்டொன்று இப்போது அன்னையாரின் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் இரண்டு வரிகளே உள்ளன, இரண்டாவது முற்றுப்பெறவில்லை. ஆண்டுதோறும் ஐப்பசி மழை தொடங்கியதும், எவரும் சொல்லாமலே, நாம் அலுமாரிகளையும் பெட்டகத்தையும் சுவரைவிட்டு இழுத்துப் பார்க்கிறோம். அவ்வேளை அன்னையார் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகே நிற்பார்.