அர்ச்சுனன் தபசை ஒரே படமாக்குதல்

பல புகைப்படங்களை இணைத்து ஒன்றாக்கும் கலையைப் பழக மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசைவிடப் பொருத்தமான பாறை கிடைப்பது அரிது. சுமார் 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். தள்ளி நின்று எடுத்தால் பாறை முழுதும் அடங்கும்; ஆனால் பெரிய யானையின் தந்தத்தருகே முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவமிருக்கும் பூனையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளும் வெறும் புள்ளிகளாகிவிடும். கிட்டப் போனால் பூனை தெளியும், பாறை நழுவும்.

அதனால் பாறையைத் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது மீண்டும் காட்ட வேண்டும். எக்ஸ்போஷரும் நிறச் சமநிலையும் இடையில் மாறக் கூடாது. ஃபோட்டோஷாப், ஹூகின் போன்ற மென்பொருள்கள் இரு படங்களிலும் உள்ள பொதுவான புள்ளிகளைத் தேடிப் பிடித்து, படங்களை வளைத்துப் பொருத்துகின்றன. விளிம்பை மறைப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஒளியும் நிறமும் அகலமான பரப்பில் மெல்லக் கலக்க வேண்டும். உளிக்கோடு போன்ற நுண்விவரங்களோ மிகக் குறுகிய இடத்திலேயே கைமாற வேண்டும், இல்லாவிட்டால் இரட்டையாகத் தெரியும். இந்த வழியை பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் அடெல்சனும் 1983இல் வகுத்துக் கொடுத்தார்கள்.

அர்ச்சுனன் தபசில் மென்பொருள் திணறுகிற இடம் நடுவிலுள்ள பிளவு. கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்கும்போது முன்தளத்துச் சிற்பங்கள் சரியாகப் பொருந்தும். உள்வாங்கியிருக்கும் நாகர்கள் இடம் பெயர்ந்து, ஒருவர் உடல் பாதியில் வெட்டுப்படும். பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயிலில் முன்பக்கம் பளிச்சென்று இருக்க, பிளவுக்குள் நிழல் தங்கிவிடும். இங்கே கைவேலைதான் கைகொடுக்கும். பிளவு முழுவதையும் நேர் எதிரே நின்று எடுத்த ஒரே படத்திலிருந்து கொண்டுவர வேண்டும். அதையே ட்ரைபாட் அசையாமல் கூடுதல் எக்ஸ்போஷரில் மறுபடி எடுத்துத் தனி லேயராக வைத்து, மாஸ்க்கில் நிழலுள்ள பகுதிக்கு மட்டும் மென்மையான பிரஷ்ஷால் வெள்ளை தீட்டினால் நாகரின் முகம் தெளியும். கறுப்பு தீட்டிய இடம் மறையுமே தவிர அழியாது. எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

இந்த முயற்சிக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்கும் மேலான நீளத்தில் ஒரே படமாக்கினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, ஒரு பெண்ணின் மரணப் படுக்கையைக் கற்பனையாக உருவாக்கினார். டிரைப் இருந்ததைச் சேர்த்தார். ராபின்சன் இல்லாததைப் படைத்தார். குடும்பப் படத்தில் மறைந்த தாத்தாவை ஸ்டுடியோக்காரர் சேர்த்துத் தரும்போது அது அன்பின் வேலை, வீட்டார் அறிந்தே கேட்பது. சிற்பத்தின் ஆவணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சிதைந்த விரலை வேறொரு சிற்பத்திலிருந்து எடுத்து ஒட்டினால், பல்லவச் சிற்பி செய்ததும் காலம் செய்ததும் இரண்டுமே பொய்யாகிவிடும்.

ஆகவே மூலப் படங்களையும் லேயர் கலையாத கோப்பையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் தாங்கும். இணைத்த படம் அதைத் தாண்டினால் பிஎஸ்பி வடிவில் சேமிக்கலாம். லேயர்களை ஒன்றாக்குவது அச்சுக்குப் போகும் நகலில் மட்டும்.