வெட்டினால்தான் பூக்கும்!

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "வாசல்ல இது என்ன பூ அக்கா?" என்றுதான். ரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் ரோஸாகி, அப்புறம் நல்ல சிவப்பாகிவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் பார்க்கலாம். ராத்திரியில் வாசல் முழுக்க வாசனை!

இந்தக் கொடிதான் ஒரு தடவை எங்கள் வீட்டில் பெரிய சண்டையை மூட்டிவிட்டது.

பிறந்த வீட்டிலிருந்து அம்மா ஒரு வேர்க்கன்றைப் பெயர்த்துக் கொடுத்தாள். அம்மா வீட்டுச் செடியாச்சே என்று வாரா வாரம் சாண உரம் போட்டேன். இரண்டே வருஷத்தில் கூரை மேல் ஏறிவிட்டது. இலைதான் மண்டியது, பூ சொற்பம். ஒரு கிளையை நறுக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஐப்பசி மழையில் நடுராத்திரி கூடம் ஒழுகியது. கொடி ஓட்டுக்கு அடியில் புகுந்து நாலைந்து ஓடுகளை நெம்பித் தள்ளியிருந்தது. பெண்ணின் பாடப் புத்தகமெல்லாம் நனைந்து கூழ்! "வேரோட பிடுங்கி எறி" என்று இவர் கத்தினார். "எங்கம்மா கொடுத்ததுன்னுதானே உங்களுக்கு ஆகலை?" என்று நானும் பேசிவிட்டேன். இரண்டு நாள் பேச்சே இல்லை.

விஷயம் தெரிந்து அம்மா வந்தாள். "மாப்பிள்ளை கோபப்பட்டதுல என்ன தப்பு? செல்லம் கொடுத்துக் கெடுத்தது நீ" என்று என்னைத்தான் திட்டினாள். மழை ஓய்ந்ததும் அருவாளை எடுத்துக் கொடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெயில் ஏற ஏறத் துளிர்விட்டது. சித்திரையில் புதுக் கிளை நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூ! இது இளங்கிளையில்தான் பூக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது சுவரைவிட்டுத் தள்ளி இரும்புக் குழாயில் பந்தல் போட்டிருக்கிறோம். மூங்கில் இதன் பாரம் தாங்காது. நல்ல வெயில் வேண்டும். சாண உரம் வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். வருஷா வருஷம் மழை முடிந்ததும் வெட்டிவிட வேண்டும். இலை உதிர்ந்த காம்பு முள்ளாக நிற்கும். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். வேர்க்கன்றுகளை அவ்வப்போது எடுக்காவிட்டால் தோட்டமே அதுதான்.

அம்மா இப்போது இல்லை. இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான்தான் வெட்டுகிறேன். கன்றுகளை மட்டும் தூக்கி எறிய இவர் விடமாட்டார். "உங்கம்மா கொடுத்தது. யாருக்காவது கொடு" என்பார். போன வருஷம் பெண் தன் வீட்டுக்கு ஒன்று கேட்டாள். "கொண்டு போ, கூடவே ஒரு அருவாளும் வாங்கிக்கோ" என்று சொல்லி அனுப்பினேன்.