மூடியில் எழுதியதும் பலகை சொன்னதும்

மார்ச் 3, திங்கள்

மாலையில் தம்பி ஒருவன் இன்ஜினின் மூளையான ஈசியு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். அவனுடையது 1994 ஹோண்டா சிவிக், ஈஜி பாடி. பி16ஏ இன்ஜினை ஏற்கெனவே இறக்கிவிட்டான். மூளை மட்டும்தான் பாக்கி. “அண்ணே, ஜப்பான் பி30. சிப் போட்டது. கிள்ளான் ஹாஃப்கட் கடையில எடுத்தேன். நேரா மாட்டிடலாமா?”

மூடியில் மார்க்கர் பேனாவால் பி30 என்று எழுதியிருந்தது. கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஹோண்டா ஈசியு என்றால் 37820 என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். நடுத் தொகுதி எந்த இன்ஜினுக்கானது என்று சொல்லும்: இரட்டை கேம் பி16ஏ-வுக்கு பி30, ஒற்றை கேம் வீடெக்கிற்கு பி28, வீடெக்கே இல்லாத சாதா சிவிக்கிற்கு பி06. கடைசித் தொகுதி ‘ஏ’ என்று தொடங்கினால் அமெரிக்கா, ‘ஜி’ என்றால் ஐரோப்பா. அந்த எண்ணைச் சுரண்டுவதற்கு நல்ல காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

யாரென்று தெரியாமல் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். தம்பி முகம் வாடிப்போனது.

மார்ச் 4, செவ்வாய்

மூடியைக் கழற்றினேன். ஓக்கி 66207 செயலி, பக்கத்தில் 28 கால் சாக்கெட், அதில் ஒரு சிப். கூடவே 74எச்சி373. ஜே1 என்ற இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. செயலி தனக்குள்ளே இருக்கும் நிரலை விட்டுவிட்டு வெளிச் சிப்பைப் படிக்கச் செய்வது அந்தக் கம்பிதான். சிப் போட்ட ஹோண்டா பெட்டிகளில் பெரும்பாலும் இதே வேலைதான் இருக்கும். பிறந்த ஊரைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது.

சொன்னது வேறு இடம். அசல் பி30-இல், இன்ஜின் தட்டலைக் கேட்கும் நாக் சென்சாருக்கென்று தனியாக ஒரு சிறு பலகை இருக்கும். இதில் அது இல்லை. கழற்றிய தடமும் இல்லை. ஆக, பி30 என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

பி28 ஆக இருக்கலாம் என்று நினைத்து வீடெக் பகுதிக்கு லென்ஸைக் கொண்டுபோனேன். ஏ4 கால் வீடெக் சொலினாய்டை இயக்குவது, டி6 கால் எண்ணெய் அழுத்த சுவிட்சுக்கு. அந்த இரண்டுக்கும் போகும் வழியில் உள்ள டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் எல்லாமே கையால் பற்றவைத்தவை. தொழிற்சாலை ஈயம் பலகை முழுக்க ஒரே உயரத்தில் மங்கலாகப் படிந்திருக்கிறது. இங்கே மட்டும் பளபளப்பு. கால்களின் அடியில் தேன் நிறத்தில் ஃப்ளக்ஸ் கசடு. வார்னிஷைச் சுரண்டிய கீறல்கள் வேறு. செய்தவன் கை சுத்தமானது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு தடம்கூடக் கருகவில்லை.

பி06-உம் பி28-உம் ஒரே வகைப் பலகை. பி06-இல் வீடெக் பாகங்களை மட்டும் வைக்காமல் விட்டிருப்பார்கள். அவற்றை வாங்கிப் பற்றவைத்தால் வீடெக் ஈசியு தயார். இது அப்படிப் பிறந்த பிள்ளை.

மார்ச் 6, வியாழன்

சிப்பைக் கழற்றி டிஎல்866-இல் வைத்துப் படித்தேன். எஸ்எஸ்டி 27எஸ்எஃப்512, 64 கிலோபைட். ஹோண்டா நிரலுக்கு 32 போதும். மேல் பாதியில்தான் நிரல், கீழ்ப் பாதி முழுக்க வெறும் எஃப்எஃப். சாக்கெட்டின் முதல் கால் 5 வோல்ட்டில் நிற்பதால் செயலிக்கு மேல் பாதி மட்டுமே தெரியும். எழுதியவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

என்னிடம் இருக்கும் அசல் பி30 நிரலோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். அடிப்படை பி30-ஏதான்! மார்க்கர் எழுத்து வந்த வழி இப்போது புரிகிறது: நிரலின் பெயரைப் பெட்டிக்கு வைத்திருக்கிறார்கள். ஜப்பான் வண்டிகளுக்கே உரிய மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டிருக்கிறது. எரிபொருள் வெட்டு 9,000 சுற்றுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. இக்னிஷன் மேப்பின் மேல் வரிசைகளில் டைமிங் அசலைவிட முன்னே தள்ளப்பட்டிருக்கிறது.

இந்தக் கடைசி விஷயம்தான் இன்று தூக்கத்தைக் கெடுக்கிறது. பி16ஏ-வின் அழுத்த விகிதம் 10.4. ஜப்பானில் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின். இங்கே பையன்கள் பாதிப் பேர் ரோன்95 அடிக்கிறார்கள். தட்டல் வந்தால் அசல் பி30 அதைக் கேட்டு டைமிங்கைப் பின்வாங்கும். இந்தப் பெட்டிக்குக் காதே கிடையாது. மேல் சுற்றில் சைலென்சர் இரைச்சலில் ஓட்டுகிறவனுக்கும் கேட்காது. பிஸ்டன் உடைந்த பிறகுதான் தெரியும்.

மார்ச் 8, சனி

மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுத்துச் சோதித்தேன். வீடெக் வேலை செய்கிறது, ஏ4-இல் மின்சாரம் சரியாக வருகிறது. நாக் சென்சார் கோளாறுக்கான குறியீடு 23 நிரலிலேயே அணைக்கப்பட்டிருக்கிறது. சென்சார் வயரை வெட்டி எறிந்தாலும் செக் இன்ஜின் விளக்கு எரியாது. வாங்குகிறவனுக்குச் சந்தேகமே வராது.

அடிமூடியின் மடிப்பில் ஸ்டிக்கரின் கிழிந்த ஓரம் ஒட்டிக்கொண்டிருந்ததை இன்றுதான் பார்த்தேன். ‘ஏ0’ வரை படிக்க முடிகிறது. மூடி மாறக்கூடியது, அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் பலகை சொன்னதும் இதுவும் ஒத்துப்போகின்றன: அமெரிக்கச் சந்தைக்கு வந்த பி06.

மார்ச் 9, ஞாயிறு

தம்பியோடு கடைக்குப் போனேன். நோன்பு மாதம், வேலையாட்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள் என்று மதியமே போய்விட்டோம். இது ஹாஃப்கட்டில், அதாவது பாதியாக வெட்டி இறக்கிய வண்டியில், வந்ததல்ல; யாரோ கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனது என்று கடைக்காரர் சொன்னார். லென்ஸில் காட்டினேன். வாக்குவாதம் செய்யாமல் எடுத்துக்கொண்டு, அசல் பி30 வரும்போது வித்தியாசப் பணத்தைக் கட்டினால் போதும் என்றார்.

கிளம்புமுன் மார்க்கர் எழுத்தை அழித்துவிட்டு, என் கையாலேயே தாளில் எழுதி ஒட்டினேன்: “பி06, அமெரிக்கா. வீடெக் பாகங்கள் பிறகு பற்றவைத்தவை. சிப்பில் மாற்றிய பி30 நிரல். நாக் பாதுகாப்பு இல்லை.” ஒற்றை கேம் வண்டிக்கு, புதிதாக மேப் எழுதிப் போட்டால் இது நல்ல பெட்டி. பி16ஏ-வுக்கு இப்படியே ஆகாது.