வெள்ளைப் புழுவுக்கு மருந்தடிக்காதீர்கள்

கொல்லிமலை காபிச் செடியில் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, வெள்ளைப் பிசிறு போர்த்திய புழு கண்ணில் பட்டால் அவசரப்பட வேண்டாம். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. பார்வைக்கு அப்படியே மாவுப்பூச்சிதான். பலர் ஏமாந்து, நண்பனையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள்.

இதன் பூர்விகம் ஆஸ்திரேலியா. ஜெர்மனியில் 1853-ல் பிறந்த ஆல்பர்ட் கோபெலே, அமெரிக்க அரசுக்காக 1888-ல் அங்கே பூச்சி தேடிப் போனார். கலிபோர்னியாவில் செதில்பூச்சி தாக்கிய ஆரஞ்சு மரங்களை விவசாயிகள் பிடுங்கி எரித்துக்கொண்டிருந்த நேரம். அவர் அனுப்பிய வேறொரு பொறிவண்டில் முதலில் உயிரோடு போய்ச் சேர்ந்தவை 129. ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்! அவை பெருகி, மறு வருஷமே தோட்டங்களை மீட்டன. அடுத்த பயணத்தில் கிரிப்டோலேமஸை அனுப்பினார்.

1898-ல் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்கும் அது வந்தது. வந்த வேலை நடக்கவில்லை, மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டது.

குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி மந்தமாகக் கிடக்கும்; அதைவிடப் பெரிதாக இருக்கும் இந்தப் புழு நகர்ந்து ஓடும்.