வொரண்டி பாஸ் யாருடைய ஆள்?



கொஞ்சம் நீளமான பதிவு. மோட்டர், தண்ணீர் டாங்கி, பாத்ரூம் சாமான் என்று வொரண்டியோடு எதையாவது வாங்கியிருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள். அவசரமென்றால் கடைசியில் உள்ள 7 விடயங்களையாவது பாருங்கள். கடையின் பெயரையும் கொம்பனியின் பெயரையும் சொல்லமாட்டோம். பக்கத்து வீடுகளில் விசாரித்த பிறகு, இது ஒரு கொம்பனியோடு நிற்கிற பிரச்சினையாக எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே ஆசிரியர்கள். குடிக்கவும் சமைக்கவும் நீர் வழங்கல் சபையின் தண்ணீர். குளிக்க, உடுப்புக் கழுவ, மரங்களுக்கு ஊற்ற எல்லாம் கிணறுதான். பழைய மோட்டர் போனதும் டவுனில் ஒரு கடையில் 42,000 ரூபாய்க்குப் புதிது எடுத்தோம். அதே அளவு மோட்டர் அடுத்த கடையில் 5,000 ரூபாய் குறைவு. இருந்தும் இதை எடுக்கக் காரணம், கடைக்காரத் தம்பி சொன்ன வார்த்தை.

“சேர், 2 வருஷம் வொரண்டி. பூட்டித் தாறதும் எங்கட ஆள், பழுதானா வாறதும் எங்கட ஆள். நீங்க ஒரு கோல் எடுத்தாப் போதும்.”

சொன்னபடி மறுநாளே ஆள் வந்தார். புது பைப் இறக்கி, புது புட் வால்வ் போட்டு, மேல் டாங்கியில் ஃப்ளோட் சுவிட்சும் பூட்டி, ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

7 ஆவது வாரம் பாடசாலை விட்டு வந்தால் மோட்டர் அடியில் எரிந்த வாசம். டாங்கி காலி. கோல் எடுத்தோம். தமிழுக்கு 2 ஐ அழுத்தச் சொன்னது. அழுத்தினோம். எடுத்தவருக்குத் தமிழ் வராது. எங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடித்தோம். ஆள் வந்தது 5 ஆவது நாள். அதுவரைக்கும் ஸுபஹுக்கு எழும்பி வாளியில் அள்ளித்தான் வுழூச் செய்தோம். வீட்டில் வயதான உம்மா வேறு.

வந்த தம்பிக்கு 22, 23 வயதிருக்கும். மோட்டரைக் கழற்றிப் பார்த்தார். 10 நிமிடமும் ஆகவில்லை.

“சேர், கொயில் எரிஞ்சிட்டு. தண்ணி இல்லாம ஓடியிருக்கு. இது வொரண்டிக்குள்ள வராது.”

“கிணத்துல தண்ணி கிடக்கே தம்பி?”

“அது எனக்குத் தெரியா சேர். தண்ணி இல்லாம ஓடினாத்தான் இப்பிடி எரியும். கொயில் சுத்த 14,000 போகும். இண்டைக்கு வந்ததுக்கு 2,500.”

பிறகு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். ஜொப் ஷீட். முழுக்க ஆங்கிலம். எங்களில் ஒருவர் ஆங்கிலம் படிப்பிப்பவர் என்பதால் வாங்கி வாசித்தார். ‘ட்ரை ரன்னிங், கஸ்டமர் ஃபோல்ட்’ என்று எழுதியிருந்தது. அதாவது பிழை எங்களுடையது. அதற்குக் கீழேயே, மோட்டரையும் பைப்பையும் பூட்டியது உங்கள் ஆள்தான், இந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை என்று தமிழில் எழுதி, திகதியும் போட்டுத்தான் கையெழுத்து வைத்தோம். தாளை போனில் படமும் எடுத்துக்கொண்டோம். 2,500 ரூபாய் கொடுக்கவில்லை. அந்தத் தம்பியின் முகம் கறுத்துப் போனது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டர் சூடேறி, சீல் போய், கொயிலும் எரியும். ஆனால் கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது ஏன் தண்ணீர் இல்லாமல் ஓடியது? அதை அவர் பார்க்கவேயில்லை.

எங்கள் ஒழுங்கையில் 30 வருடமாகப் பைப் வேலை செய்யும் ஒரு நானா இருக்கிறார். மோட்டரில் கை வைக்கவேண்டாம், பைப்பை மட்டும் பாருங்கள் என்று கூப்பிட்டோம். கிணற்றுப் பைப்பில் மேலிருந்து தண்ணீர் ஊற்றினார். நிறைந்த தண்ணீர் கண் முன்னே இறங்கியது. “வால்வ் பிடிக்குதில்ல சேர்” என்று சொல்லிப் பைப்பை வெளியே இழுத்தார். புட் வால்வுக்குள் மணலும் ஒரு சின்னச் சிப்பித் துண்டும் சிக்கி, வால்வ் மூடாமல் நின்றது. பைப்பின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மணல் ஒட்டியிருந்தது. பைப்பை அளவுக்கு வெட்டாமல் கிணற்றின் அடி மணலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் கடற்கரை மண்ணில் புட் வால்வை அடியிலிருந்து ஒன்றரை, இரண்டு அடியாவது உயர்த்தி வைக்கவேண்டும் என்று அந்த நானா சொன்னார்.

வால்வ் மூடாவிட்டால் மோட்டர் நின்றதும் பைப்பில் உள்ள தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். அடுத்த தடவை மோட்டர் வெறும் காற்றைத்தான் இழுக்கும். ஃப்ளோட் சுவிட்சுக்குத் தெரிந்தது மேல் டாங்கி மட்டும். டாங்கி நிறையாதவரை மோட்டரை ஓடவிடும். நாங்கள் இரண்டு பேரும் பாடசாலையில். மோட்டர் மணிக்கணக்கில் வெறுமனே ஓடி எரிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் படம் எடுத்து கொம்பனிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். புட் வால்வும் பைப்பும் எங்கள் தயாரிப்பு இல்லை, அதற்கு வொரண்டி கிடையாது என்று பதில் வந்தது. பூட்டியது உங்கள் ஆள் தானே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

திரும்பத் திரும்பக் கோல் எடுத்த பிறகு அதே தம்பியைத்தான் இன்னொரு முறை அனுப்பினார்கள். இந்த முறை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கதைத்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்.

“கொம்பனி எங்களுக்குச் சம்பளம் தாறல்ல டீச்சர். ஒரு வீட்டுக்கு இவ்வளவு எண்டுதான். பெட்ரோல் எங்கட காசு. வொரண்டிக்குள்ள எண்டு எழுதினா மோட்டரக் கொழும்புக்கு அனுப்பணும், என்ட காசு வர ஒன்றரை மாசம் செல்லும். வெளிய எண்டு எழுதினா வீட்டுக்காரர் அப்பவே தருவாங்க. கூட வொரண்டி எழுதினா ஒபிஸில இருந்தும் கேள்வி கேப்பாங்க.”

இதைக் கேட்ட பிறகுதான் விடயம் எங்களுக்கு முழுமையாக விளங்கியது. வொரண்டியில் வருகிறவரை நாங்கள் பழுது பார்க்க வருகிறவர் என்று நினைக்கிறோம். கொம்பனிக்கு அவர் செலவு யார் தலையில் என்று முடிவெடுத்துக் கொடுக்கிறவர். அவருக்குக் காசு கொடுப்பதும் அடுத்த வேலையைக் கொடுப்பதும் கொம்பனி. நாங்கள் கூப்பிடும் பைப் பாஸ் பிழையாகச் செய்தால் நாளைக்குப் பள்ளிவாசலில் எங்கள் முகத்தில் முழிக்கவேண்டும். வொரண்டியில் வருகிறவரை மறுபடி காண்போமா என்பதே தெரியாது.

அடுத்த வீட்டு ராத்தாவின் 1,000 லீற்றர் டாங்கி வெடித்தது. 10 வருட வொரண்டி. வந்தவர், டாங்கியை இரண்டு பீம் மேல் வைத்திருக்கிறீர்கள், அடி முழுக்கச் சமதரையில் இருக்கவேண்டும், ஆகவே வொரண்டி இல்லை என்றார். அது நியாயமான நிபந்தனைதான். பிளாஸ்டிக் டாங்கியின் அடி முழுவதும் தரையில் பதியாவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் வெடிக்கும். ஆனால் டாங்கியை விற்று, அந்த பீம் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போனதும் அதே கடையின் ஆட்கள். அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நல்ல அனுபவமும் உண்டு. எங்களோடு படிப்பிக்கும் ஒருவரின் வீட்டில் பாத்ரூம் டெப் ஒழுகி, கொம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். உள்ளே இருக்கும் காட்ரிஜை மாற்றி, பழையதைக் கையில் கொடுத்து, எங்கே வெடித்திருக்கிறது என்று காட்டி, ஒரு சதமும் வாங்காமல் போனார். அவர் கொம்பனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவராம்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் சாச்சாவின் மகனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அங்கே வீடு முழுவதற்குமே வருடத்துக்குச் சில நூறு டொலர் கட்டி வொரண்டித் திட்டம் எடுப்பார்கள். பைப் ஒழுகினால் கொம்பனி தெரிவு செய்யும் ஆள்தான் வருவார். ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம். ‘இது நீங்கள் திட்டம் எடுக்க முதலே இருந்த பழுது’, ‘பராமரிப்புச் செய்யவில்லை’ என்ற இரண்டு காரணங்களும் அங்கே எல்லோருக்கும் பழக்கமாம். பைப்பைத் திருத்தினாலும் அதற்காக உடைத்த சுவரைப் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் பூசவேண்டுமாம்.

சரி, எங்கள் மோட்டருக்கு என்ன நடந்தது? கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பில், வொரண்டி காட், ஜொப் ஷீட், மணல் ஒட்டிய பைப்பின் படம் எல்லாவற்றையும் இணைத்தோம். அதே கடிதம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போனது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கொடுத்த வொரண்டிக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி அங்கே முறையிடலாம். ஆனால் வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ‘பார்ப்போம், வருவோம்’ என்று இழுத்தடிக்கும்போது ஓடிக்கொண்டிருப்பது அந்த 3 மாதமும்தான். பலருக்கு இது தெரியாது.

10 நாளில் கொம்பனியிலிருந்து தமிழ் பேசும் ஒருவர் கோல் எடுத்தார். கொயிலையும் சீலையும் இலவசமாக மாற்றித் தந்தார்கள். புது புட் வால்வ் எங்கள் செலவு. மொத்தம் 26 நாள் மோட்டர் இல்லாமல் இருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஓடுகிறது. பைப்பை அளவுக்கு வெட்டி இறக்கியது எங்கள் ஒழுங்கை நானாதான்.

உங்களுக்குப் பயன்படக்கூடியவை:

1. பில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. மோட்டரின் சீரியல் நம்பர் பில்லிலும் வொரண்டி காட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. மெஷினில் அடிக்கும் பில்லின் எழுத்து சில மாதத்தில் அழிந்துவிடும். அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

3. ‘பூட்டித் தருவோம்’ என்றால், பூட்டும் வேலைக்கும் வொரண்டி உண்டா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. பூட்டும்போது பக்கத்தில் நின்று படம் எடுங்கள். கிணற்றின் ஆழம், பைப்பின் நீளம், டாங்கி இருக்கும் இடம்.

5. கொம்பனி ஆள் பார்க்க முதல் வேறு பாஸைக் கொண்டு மோட்டரைத் திறக்கவேண்டாம். அதையே காரணமாகச் சொல்வார்கள்.

6. ஜொப் ஷீட்டை வாசிக்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம். ஆங்கிலம் தெரியாவிட்டால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். ஏற்காததைத் தமிழிலேயே எழுதலாம். கழற்றிய சாமானைக் காட்டச் சொல்லுங்கள்.

7. சரிவராவிட்டால் 1977 க்குக் கோல் எடுங்கள். எடுத்தாலும் எழுத்திலும் கொடுங்கள். அந்த 3 மாதத்தை மறக்கவேண்டாம்.

அந்தத் தம்பியில் எங்களுக்குக் கோபம் இல்லை. சாதாரண தரம் முடித்துவிட்டு யாரோ ஒருவருக்குப் பின்னால் போய்த் தொழில் பழகிய பிள்ளை. கையில் வேலை இருக்கிறது, காட்ட ஒரு தாள் இல்லை. அதனால் கொம்பனி சொல்வதை எழுதுகிறார். வேலை தெரிந்தவர்கள் அனுபவத்தைக் காட்டியே என்.வீ.கியூ. சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது என்று சொல்லி, அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறோம். உங்கள் வீடுகளிலும் பைப் வேலை, கரண்ட் வேலை பழகிய பிள்ளைகள் இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுகிறோம். அந்தத் தாள் கையில் இருந்தால், ‘இது எங்கட ஆள் பூட்டின பிழை’ என்று உள்ளதை எழுத அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

வஸ்ஸலாம்.