மொறிஸ் மைனரின் இளைப்பு

1990களின் முற்பாதியில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். வடமராட்சியில் எமது அயலவரின் வாடகைக் கார், இரவில் நோயாளரை மந்திகை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வது. அது சமதரையிலேயே இளைக்கத் தொடங்கியது.

கராஜ்காரரிடம் அமுக்கம் அளக்கும் கருவி இல்லை. பிளக்கைக் கழற்றித் துவாரத்தைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு, முன்புறக் கைபிடியைச் சுழற்றுமாறு என்னிடம் கூறினார். மூன்றாவது சிலிண்டரில் விரலைத் தள்ளும் விசை இல்லை. அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஓயில் விட்டு மீண்டும் சுழற்றுவித்தார். விரல் தெறித்தது.

"வால்வு பழுதில்லைத் தம்பி, றிங் தேய்ஞ்சு போச்சு."

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஓயிலைக் கழுவிவிடும். கீழிறங்கி எஞ்சின் ஓயிலையும் நீர்க்கச் செய்யும். எத்தனை நேர்த்தியான நோயறிதல்! ஆனால் புது றிங்குக்கு வழியில்லை. மூன்று சிலிண்டர்ப் பலத்துடனேயே அக்கார் தொடர்ந்து மந்திகைக்கு ஓடியது.