அற்றுப்போனது எது?

2022 செப்டம்பர் 17. நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. செய்தியை அவசரமாக மொழிபெயர்த்து, ‘இந்தியாவில் அழிந்துபோன சிறுத்தை திரும்பி வந்தது’ என்று தலைப்பிட்டேன். மறுநாள் காலையில் எருத்தேன்பதியிலிருந்து மாமாவின் போன்.

“ஏங் கண்ணு, சிறுத்தை எப்ப அழிஞ்சுது? போன மாசங்கூட மலையடிவாரத்துல ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சுன்னாங்களே!”

தமிழ் முதுகலைக்குத் தென்னை விவசாயி நடத்திய பாடம். சிறுத்தை பறம்பிக்குளம் காடுகளில் சுகமாகவே இருக்கிறது. வந்து இறங்கியது சிவிங்கி. மாமாவின் ஊரில் பாதிப் பேச்சு மலையாளம். அதில் சீற்றப்புலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். சிவிங்கி என்ற சொல் எங்கள் அகராதியில் இருந்தது. என் கைக்குத்தான் வரவில்லை.

‘அழிந்துபோன’ என்பதும் உறுத்தியது. 1952இல் இல்லையென்று அறிவிக்கப்பட்டது இந்தியாவில் மட்டும்தான். ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கிலும் ஈரானில் விரல்விட்டு எண்ணும்படியும் அது இருந்துகொண்டேதான் இருந்தது. ஆங்கிலத்தின் ‘எக்ஸ்டிங்ஷன்’ லத்தீனில் விளக்கு, நெருப்பு சம்பந்தப்பட்டது. மூலச்சொல்லுக்கு அணைத்தல் என்று பொருள். தீயணைக்கும் சிவப்பு உருளையின் பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். ஓர் உயிரினம் உலகத்திலிருந்தே இல்லாமல் போகும் என்பதை ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பவில்லை. 1796இல் பாரிசில் குவியே என்ற அறிஞர், மாமூத்தின் எலும்புகள் இன்றுள்ள எந்த யானையுடையதும் அல்ல என்று காட்டிய பிறகுதான் அந்த எண்ணம் வேர்பிடித்தது.

தமிழில் என்ன எழுதுவது? ‘அழிவு’ என்றால் சிலேட்டு எழுத்தும் அழியும், ஊரும் அழியும். ‘இன அழிவு’ என்றால் நம் வாசகருக்கு முதலில் ஈழம்தான் நினைவுக்கு வரும். ‘அணைதல்’ என்றால் அம்மிச்சி கோபித்துக்கொள்வார். மாமாவைப் பெற்றவர். விளக்கை அணை என்று ஒருநாளும் சொல்ல விட்டதில்லை. ‘அமத்தி வை’ என்பார். வாரிசில்லாத வீட்டைப் பற்றி மட்டும் குரலைத் தாழ்த்தி, “வமுசமே அத்துப்போச்சு” என்பார். அந்தச் சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அமர்த்திய விளக்கை மறுநாள் ஏற்றலாம். அற்ற வம்சத்தை யார் ஏற்றுவது? குனோவில் ஏற்றியதுகூட ஆப்பிரிக்க விளக்கிலிருந்து கடன் வாங்கிய சுடர்.

இதற்கு நேர்மாறான கதை இடுக்கியில் இருக்கிறது. இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவானது. வரையாடுகளின் பெரிய புகலிடம். சங்கப் புலவர்கள் வருடை என்றது இந்த ஆட்டைத்தான் என்பார்கள். ஆடு அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருந்தாலும் பாறைமேல் நிற்கிறது. வருடை என்ற சொல்தான் பேச்சிலிருந்து அற்றுப்போய்விட்டது. அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த நானே, முதன்முதலாக அந்த ஆட்டைப் பார்த்தபோது ‘நீலகிரி தார்’ என்றுதான் கத்தினேன்.

2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னும் பன்னிரண்டு வந்தன. இந்த முறை ‘சிவிங்கி’ என்றே எழுதினேன். யாருக்குப் புரியும் என்று கேட்டார் ஆசிரியர். பக்கத்தில் ‘சீட்டா’ என்று சேர்க்கச் சம்மதித்தேன். மாமா மறுபடி போன் செய்தார்.

“சீட்டாவா! அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?”